முத்திரையில் இருப்பது யாருடைய சொல்?

கேள்வி: ஆவணியில் மகளுக்குக் கலியாணம் வைத்திருக்கிறோம். கையிலிருக்கும் பழைய நகைகளைக் கொடுத்துப் புதியவை எடுக்கலாம் என்று மட்டக்களப்பு நகரத்திலுள்ள ஒரு கடைக்குப் போனேன். 1962இல் செய்த என் அம்மாவின் 9 பவுண் தாலிக்கொடியில் முத்திரை எதுவும் இல்லை என்பதால் 18 கரட் கணக்கில்தான் எடுப்போம் என்றார்கள். சவூதியில் வேலை செய்த மச்சாள் தந்த இரண்டு காப்புகளும் சேர்ந்து 2 பவுண். அவற்றில் 875 என்று இருப்பதைப் பார்த்து ‘அரைத் தங்கம்’ என்றார்கள். லண்டனிலிருந்து தம்பி அனுப்பிய சங்கிலியில் 375 என்ற எண்ணும் ஒரு நங்கூரமும் உள்ளன. 2018இல் சென்னையில் வாங்கிய அட்டியலில் முக்கோண அடையாளமும் 22கே916 என்பதும் இருந்தும், ஆறு இலக்கக் குறியீடு இல்லாததால் அது கள்ள முத்திரை என்கிறார்கள். ஒரு பழைய சோடித் தோட்டில் கே.டி.எம். என்று உள்ளது. கொடியைச் செய்த தட்டார் இப்போது இல்லை. வீட்டிலிருந்த சீட்டுகள் சுனாமியோடு போய்விட்டன. இவற்றில் எது நல்ல தங்கம்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள சகோதரிக்கு,

நகைகளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் எதையும் நல்ல தங்கம் என்று நான் எழுதித் தர முடியாது. ஆனால் அந்தக் கடையில் உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றுகூட ஒரு நகையைக் குறைத்து மதிப்பதற்குப் போதுமான காரணம் அல்ல என்பதை உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம். முத்திரை இல்லாததைக் குறைந்த தங்கம் என்றும், முத்திரை இருப்பதைக் கள்ள முத்திரை என்றும் ஒரே வாயால் சொல்பவரிடம் மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: “உரைத்துப் பார்த்தீர்களா?” அவர் உரைத்ததாக நீங்கள் எங்கும் எழுதவில்லை.

முத்திரையைப் பார்க்கும்போது இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எண் என்ன சொல்கிறது என்பது ஒன்று. அந்த எண்ணைக் குத்தியவர் யார் என்பது மற்றது. முதலாவது வெறும் கணக்கு, பள்ளிக்கூடப் பிள்ளையும் போடும். நம்மவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். சுத்தத் தங்கம் 24 கரட். 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம். அதையே ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 916 வரும். 21 கரட் 875, 18 கரட் 750, 9 கரட் 375. பதினான்கு கரட்டுக்கு 585 என்று குத்துவார்கள். ‘இது சாதாரண 22 இல்லை, 916’ என்று சில விற்பனையாளர்கள் பெருமையாகச் சொல்வதும், அதைக் கேட்டு வாங்குபவர்கள் கூடுதலாகக் கொடுப்பதும் நம்முடைய கடைத்தெருவில் உள்ள பழக்கம். இரண்டும் ஒன்றே. மீதிப் பங்கில் செம்பும் வெள்ளியும் சேரும். செம்பு கூடினால் நிறம் சிவக்கும், வெள்ளி கூடினால் வெளிறும். அதனால் ஒரே 22 கரட்டில் செய்த இரண்டு சங்கிலிகள் இரண்டு நிறமாக இருக்கலாம். நிறத்தைப் பார்த்துக் கரட் சொல்லும் மாமிமார் எல்லாக் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிட வேண்டியதில்லை, நம்பவும் வேண்டியதில்லை.

இனி, குத்தியவர் யார் என்பதற்கு வருவோம். என் அப்பாவின் பட்டறையில், 22 என்ற எண்ணும் அவருடைய பெயரின் முதலெழுத்தும் வெட்டிய இரண்டு இரும்பு ஆணிகள் ஒரு பழைய சிகரெட் தகரத்துக்குள் கிடக்கும். மோதிரம் முடிந்ததும் அதன் உட்புறத்தில் ஆணியை நிறுத்திச் சிறு சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டுக்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை, எந்தப் பரிசோதனையும் அதற்கு முன் நடக்கவில்லை. எண்ணுக்குப் பின்னால் நின்றது அவருடைய பெயர் மாத்திரமே. அவர் நேர்மையானவர், ஆகவே எண்ணும் நேர்மையானதாக இருந்தது. அதே ஆணியை நேர்மையில்லாத ஒருவர் வைத்திருந்தால் அதே தட்டில் அதே 22தான் விழும். நம் ஊர்க் கடைகளில் நீங்கள் காணும் முத்திரைகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை: கடையின் எழுத்தும் கரட் எண்ணும். அவற்றை நான் பழிக்கவில்லை. அவை விற்றவருடைய வாக்கு என்பதையும், விற்றவர் நாளைக்கும் அதே இடத்தில் கடை வைத்திருந்தால்தான் அந்த வாக்குக்குப் பெறுமதி உண்டு என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

இதற்கு மாறானது, செய்தவரும் அல்லாத விற்றவரும் அல்லாத மூன்றாவது ஒருவர் பரிசோதித்துக் குத்துவது. உங்கள் தம்பியின் சங்கிலியில் இருக்கும் நங்கூரம் அப்படிப்பட்டது. இங்கிலாந்தில் 1973ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு கிராமுக்கு மேற்பட்ட நகையைத் தங்கம் என்று சொல்லி விற்பதானால், அது அரச அங்கீகாரம் பெற்ற பரிசோதனை அலுவலகம் ஒன்றின் முத்திரையைப் பெற்றிருக்க வேண்டும். நங்கூரம் பேர்மிங்ஹாம் அலுவலகத்தின் அடையாளம். சிறுத்தைத் தலை லண்டனுக்கு, கோட்டை எடின்பரோவுக்கு, ரோசாப்பூ ஷெஃபீல்டுக்கு உரியவை. நங்கூரம், 375, அவற்றோடு செய்தவரின் அல்லது விற்றவரின் எழுத்துகள் என மூன்றும் ஒன்றாக இருந்தால் அது முறையான முத்திரை. நீங்கள் குறிப்பிட்ட நகைகளில் முத்திரை அளவில் மிகவும் உறுதியானதும், தங்கத்தின் அளவில் மிகவும் குறைந்ததும் இதுவே. 8 கிராம் சங்கிலியில் 3 கிராம்தான் சுத்தத் தங்கம். தம்பி ஏமாறவில்லை, உங்களை ஏமாற்றவும் இல்லை. அந்த நாட்டில் 9 கரட் நகையை எல்லாரும் அணிகிறார்கள். அதை மாற்றாமல் மகள் அன்றாடம் போடக் கொடுத்துவிடுங்கள். உருக்கக் கொடுத்தால் கையில் வருவது சொற்பம்.

சென்னை அட்டியலைப் பற்றி அந்தக் கடை சொன்னது அறியாமையாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இந்தியத் தர நிர்ணய நிறுவனமான பி.ஐ.எஸ். தங்க நகைகளுக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து முத்திரை வழங்கிவருகிறது. 2018இல் வாங்கிய நகையில் நான்கு அடையாளங்கள் இருக்க வேண்டும்: முக்கோண பி.ஐ.எஸ். அடையாளம், 22கே916, பரிசோதனை நிலையத்தின் அடையாளம், நகைக்கடையின் அடையாளம். ஆறு இலக்கக் குறியீடு 2021 ஜூலையில்தான் வந்தது. 2023 ஏப்ரல் முதலாம் திகதிக்குப் பிறகுதான் அது இல்லாமல் அங்குள்ள கடைகள் விற்கக்கூடாது என்றானது. பிறக்காத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது போன்றது உங்கள் கடைக்காரரின் கேள்வி. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் கொக்கியின் அருகிலும் பதக்கத்தின் பின்புறத்திலும் தேடிப் பாருங்கள். நான்கும் இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் அட்டியல் என்பதால் கல்லின் நிறையைத் தனியாகக் கழிக்க வேண்டியிருக்கும், முத்திரை அதைச் சொல்லாது. கலியாணத்துக்கு நகை எடுக்க இனிமேல் சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள், அந்த ஆறு இலக்கத்தைக் கைத்தொலைபேசியில் பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அடித்து, நகையின் வகையும் தூய்மையும் பொருந்துகின்றனவா என்று கடைக்குள்ளேயே நின்று பார்த்துக்கொள்ளலாம். முத்திரையிட்ட நகையில் தூய்மை குறைந்திருப்பது நிரூபணமானால், குறைந்த பெறுமதியின் இரு மடங்கையும் பரிசோதனைச் செலவையும் நட்டஈடாகப் பெற அங்கே விதி இருக்கிறது.

காப்புகளுக்கு வருகிறேன். 875 என்பது எட்டில் ஏழு பங்கு தங்கம். எட்டில் ஏழை ‘அரை’ என்று சொல்ல எந்தக் கணக்கில் இடம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சவூதியிலும் குவைத்திலும் 21 கரட்தான் பரவலாக விற்கும் நகை. மத்திய கிழக்குக்குப் போய்வந்த நம் பெண்கள் கொண்டுவரும் காப்புகளில் கணிசமானவை இந்தத் தரத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் இரண்டு காப்புகளும் 16 கிராம் என்றால், அவற்றில் சுத்தத் தங்கம் 14 கிராம். அதை 22 கரட்டாக மாற்றிச் சொன்னால் ஏறத்தாழ 15.27 கிராம். ஆக, 22 கரட் விலையில் முக்கால் கிராம் அளவுக்குக் கழித்தால் அது நியாயம், அதற்கு மேல் கழித்தால் அநியாயம். கல்லோ அரக்கோ இல்லாத, உள்ளே கூடில்லாத கட்டிக் காப்பு என்றால் இன்னொரு எளிய சோதனையும் உண்டு. நுண்தராசில் நூலில் தொங்கவிட்டு நிறுத்துவிட்டு, அதே நிலையில் காப்பு முழுவதும் நீருக்குள் மூழ்கும்படி வைத்து மறுபடி நிறுக்கச் சொல்லுங்கள். 16 கிராம் நிறையுள்ள 21 கரட் தங்கம் நீருக்குள் ஏறத்தாழ 0.92 முதல் 0.95 கிராம் வரை குறைந்து காட்டும். பித்தளையாக இருந்தால் அந்தக் குறைவு இரண்டு மடங்காகிவிடும்.

கே.டி.எம். பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அது தூய்மையைக் குறிக்கும் முத்திரையே அல்ல. பற்றவைக்கும் பொடியில் கட்மியம் என்ற உலோகத்தைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம் அது. கட்மியம் சூட்டில் ஆவியாகிவிடுவதால் பொருத்துகளில் தங்கத்தின் தரம் அதிகம் குறையவில்லை, ஆகவே வணிகர்கள் விரும்பினார்கள். ஆனால் அந்தப் புகை பட்டறையில் வேலை செய்பவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் அது கைவிடப்பட்டது. போடுகிறவருக்குப் பயமில்லை. தோட்டின் கரட் என்ன என்பதை உரைத்தே அறிய வேண்டும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது அம்மாவின் கொடிதான். 9 பவுண் என்றால் 72 கிராம். அதை 18 கரட் கணக்கில் எடுத்தால் உங்களுக்கு 54 கிராம் சுத்தத் தங்கத்தின் பெறுமதிதான் கிடைக்கும். சோதித்தபோது 21 கரட் என்று வந்தால் அது 63 கிராம். இடையிலுள்ள 9 கிராம் சுத்தத் தங்கம், 22 கரட் பவுணில் சொன்னால் ஒரு பவுணும் அதற்கு மேல் கால் பவுணுக்குச் சற்றுக் குறைவும். ஒரு சொல்லில் போகக்கூடிய தொகையா அது?

அந்தக் காலத்தில் பல குடும்பங்கள் பவுண் காசுகளைக் கொடுத்துத்தான் கொடி செய்வித்தார்கள். இங்கிலாந்துப் பவுண் காசு 22 கரட், நிறை 7.98 கிராம், நாம் இன்றைக்கும் 8 கிராமை ஒரு பவுண் என்பது அதிலிருந்து வந்த வழக்கு. தட்டார் வீட்டுத் திண்ணைக்கே வந்து உலை மூட்டி, காசை வீட்டார் கண்முன்னே மூசையில் இட்டு உருக்கியதும் உண்டு. அப்படிச் செய்த நகையில் முத்திரை எதற்கு? குடும்பமே சாட்சி. ஆகவே முத்திரை இல்லாதது தரக்குறைவின் அடையாளம் அல்ல, அது அந்தக் காலத்து வழமை. ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கொடி என்பது நூற்றுக்கணக்கான வளையங்கள். ஒவ்வொன்றும் பொடி வைத்து ஊதிப் பொருத்தியது. பொடி, நகையைவிட முன்பே உருக வேண்டுமாதலால் கரட் குறைந்ததாகத்தான் இருக்கும். (‘பொடி வைத்துப் பேசுகிறார்’ என்று நாம் சொல்வதும் இந்த உலைக்களத்திலிருந்து வந்த பேச்சு என்பார்கள்.) காசு 22 கரட்டாக இருந்தாலும், முழுக் கொடியையும் உருக்கிச் சோதித்தால் 22க்குக் கொஞ்சம் கீழே வருவது இயல்பு. அதைக் கண்டு தட்டாரைத் திட்ட வேண்டாம்.

உரைப்பதை எப்படிக் கவனிப்பது என்று சொல்கிறேன். கொடியின் ஓர் ஓரத்தைக் கரிய உரைகல்லில் அழுத்தி இழுத்தால் ஒரு மஞ்சள் கோடு விழும். அந்த முதற்கோட்டை நம்பக்கூடாது. பழைய வேலைக்காரர்கள் மெருகு கொடுக்கும்போது புளியும் உப்பும் திராவகமும் மேற்பரப்பிலுள்ள செம்பைத் தின்றுவிடும். அதனால் மேற்தோல் உள்ளேயிருப்பதைவிடச் சுத்தமாக இருக்கும். அதே இடத்தை இரண்டாம் முறை, மூன்றாம் முறை உரைத்த பிறகு விழும் கோட்டுக்குப் பக்கத்தில், தரம் தெரிந்த உரையாணியால் 22, 21, 18 என்று தனித்தனிக் கோடுகள் போட வேண்டும். பிறகு எல்லாக் கோடுகளுக்கும் குறுக்கே திராவகத்தை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். பித்தளைக் கோடு பச்சையாக நுரைத்து இல்லாமல் போகும். 9 கரட் கறுத்துத் தேயும். உங்கள் கொடியின் கோடு எந்த ஆணியின் கோட்டோடு சேர்ந்து நிற்கிறது, எதற்கு முன்னே மங்குகிறது என்று பார்ப்பதுதான் மதிப்பீடு. தேர்ந்த கண்ணுக்கு 22க்கும் 18க்கும் உள்ள வித்தியாசம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரியும். 22க்கும் 21க்கும் இடையில்தான் கண் தடுமாறும். திராவகத்தை வாங்கி வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம், கையைச் சுட்டுவிடும்.

ஓரிடத்தில் மாத்திரம் உரைக்க விடாதீர்கள். இதை நான் காசு கொடுத்துப் படித்தேன். அடைவு மதிப்பீட்டாளராகச் சேர்ந்த புதிதில் ஒருவர் ஒரு சங்கிலி கொண்டுவந்தார். கொக்கியில் 916 தெளிவாக இருந்தது. கொக்கியை உரைத்தேன், கோடு அசையவில்லை, ஏற்றுக்கொண்டேன். மீட்க யாரும் வராததால் ஏலத்துக்கு எடுத்தபோது, கொக்கியும் அதையடுத்த நாலைந்து வளையங்களும் தங்கம், மீதி முழுவதும் கவரிங் என்று தெரிந்தது. நட்டத்தை என் சம்பளத்தில் மாதாமாதம் கழித்தார்கள். அன்றிலிருந்து கொக்கியில் உள்ள முத்திரையை நான் கொக்கியின் முத்திரையாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கொடியிலும் தாலி, கொடியின் நடுப்பகுதி, பூட்டு ஆகிய மூன்றையும் தனித்தனியே உரைக்கச் சொல்லுங்கள். பூட்டைப் பின்னாளில் மாற்றியிருந்தால் மூன்றும் மூன்று தரமாக இருப்பதும் உண்டு.

சில கடைகளில் எக்ஸ்கதிர்க் கருவி இருக்கிறது. நகைக்குச் சேதமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் நூற்றுவீதம் காட்டிவிடும். நல்ல கருவிதான், ஆனால் அது பார்ப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு ஆழத்தை. தடித்த முலாம் அதையும் ஏமாற்றும். முழுத் துல்லியம் வேண்டுமானால் ஒரு சிறு துண்டை வெட்டி, ஈயத்தோடு சேர்த்து உலையில் இட்டு, கலப்பெல்லாம் நீங்கிய பிறகு எஞ்சும் தங்கத்தை நிறுக்கும் பழைய முறைக்கு இன்றும் நிகரில்லை. நம் நாட்டில் தங்கத்தைப் பரிசோதித்து முத்திரையிடும் பணியை, 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை கொழும்பில் செய்துவருகிறது. 9 பவுணை மாற்றுகிற அளவு காரியத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போவது வீண் அலைச்சல் அல்ல.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மாற்றத்தான் போகிறீர்கள் என்றால், உருக்கும்போது கூட இருங்கள். உருக்குவதற்கு முன் நிறையை எழுதி வாங்குங்கள். அழுக்கும் நூலும் போவதால் நிறை சிறிது குறையும். பிறகு அந்தக் கட்டியை உங்கள் முன்னிலையில் உரைத்துப் பார்த்து விலை பேசுங்கள். புதிய நகைக்குத் தரும் பற்றுச்சீட்டில் ‘தங்க நகை ஒன்று’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். நகையின் நிறை, கரட், கல்லின் நிறை, செய்கூலி, சேதாரம் ஒவ்வொன்றும் தனியாக இருக்க வேண்டும். கரட்டை எழுதித் தர மறுக்கும் கடையில் எண் குத்தியிருந்து என்ன பயன்? எழுதித் தந்த தரத்துக்கும் நகைக்கும் பொருத்தமில்லை என்று பின்னர் தெரிந்தால், அந்தச் சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். அதன் துரித இலக்கம் 1977.

கொடியை வேறு இரண்டு இடங்களில் உரைத்துப் பார்க்கும்வரை அந்தக் கடைக்குப் பதில் சொல்ல வேண்டாம். போவதானால் காலையிலேயே போங்கள். கோட்டின் நிறத்தை வாசலோரத்து வெயில் வெளிச்சத்தில்தான் சரியாகப் பார்க்க முடியும். பின்னேரத்தில் கடைக்குள் எரியும் மஞ்சள் பல்பின் கீழ் 18 கரட்டும் 22 ஆகத் தெரியும்.